அடுப்பு சுமந்தவனின் இரண்டாம் பாகம்

பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவில் சாலை வேலை நடக்கும்போது வண்டிகளை நிறுத்துவதும் விடுவதும் வெர்னா குவின்டலின் உத்தியோகம். ஆள் உயரக் கம்பு, உச்சியில் வட்டமாக ஒரு பலகை. ஒரு பக்கம் ‘நில்’, மறுபக்கம் ‘மெதுவாகப் போ’. வேலை நடக்கும் இடத்தின் இந்த முனையில் வெர்னா நிற்பாள், அந்த முனையில் அவளுடைய சித்தப்பா மகன் கில்பர்ட். இருவரும் பேசிக்கொள்ள ஆளுக்கொரு வாக்கி-டாக்கி. ஒரு மணி நேரத்துக்குப் பத்து வண்டி வந்தால் பெரிய விஷயம். அதைவிட மாடுகள் அதிகம் வரும். மாடுகளுக்குப் பலகை செல்லாது, அவை வந்தால் நாம்தான் நிற்க வேண்டும். ஆகவே வெர்னாவின் ஒரு கையில் கம்பு இருக்கும், மறு கையில் புத்தகம் இருக்கும்.

என்ன புத்தகம் என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஒரு லிஃப்ட் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் நாவலைப் படித்திருக்கிறாள். தலைமை ஆசிரியரை விழுங்கிவிட்டு, பள்ளிக்கூடத்தை அவரைவிட நன்றாக நடத்திய முதலையைப் பற்றிய குழந்தைப் புத்தகத்தை நான்கு முறை படித்தாள். ஒன்பது பக்கத்துக்குள் பிடிக்காவிட்டால் மூடிவிடுவாள், அதற்காக வருத்தப்படவும் மாட்டாள். எழுதியவர் பெயரை அட்டையில் பார்த்ததே இல்லை. அவளிடம் இருந்தது இரண்டே தீர்ப்புகள்தான்: ‘நல்லா இருக்கு’, ‘பைத்தியக்காரத்தனமா இருக்கு’. இரண்டாவதுதான் பெரிய பாராட்டு.

நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடிப் பேசுபவர்கள் ஒருதரம் அவளை அழைத்தார்கள். அந்த முதலை எதைக் குறிக்கிறது என்று ஒரு அம்மாள் கேட்டார். “முதலையைத்தான்” என்றாள் வெர்னா. மேலும் துருவிக் கேட்டபோது, தட்டில் இருந்த வாழைப்பழ அடையில் இரண்டு துண்டு தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்புறம் போகவில்லை.

குப்பைக் கிடங்கை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. தனக்கு வேண்டாததை அங்கே வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, உடைந்த மின்விசிறிக்கு அடியிலிருந்து வெர்னா ஒரு படக்கதைப் புத்தகத்தை உருவி எடுத்தாள். பெரிய அளவு, நாற்பத்தெட்டுப் பக்கம், மூலைகளில் உப்புக்கறை. ஏதோ பாய்மரப் படகுக்காரர்கள் விட்டுப் போனது போலிருந்தது. எந்த நாட்டு மொழி என்றே தெரியவில்லை. எழுத்துகளின் தலையில் இரண்டிரண்டு புள்ளிகள், சிலவற்றின் மேல் புழு நெளிவது மாதிரி ஒரு கோடு. படங்களோ அவ்வளவு அழகு. அவள் அங்கேயே ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள்.

திங்கட்கிழமை காலை காஸ்கேட் சாலையில் வேலை. வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

“கில்பர்ட், கேக்குதா? ஒருத்தன் முதுகுல இரும்பு அடுப்பைக் கட்டிக்கிட்டுப் பனியில நடந்து போறான்.”

“எரியுதா?”

“எது?”

“அடுப்பு.”

“மூடி இடுக்குல புகை வருது. எரியத்தான் செய்யுது.”

கில்பர்ட் வாழ்நாளில் ஒரு புத்தகத்தையும் முழுசாகப் படித்தவனில்லை, ஆனால் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரன். “அப்ப முதுகு சுடாதாக்கா?” என்றான்.

வெர்னா பதில் சொல்வதற்குள் வேறொரு குரல் குறுக்கே வந்தது. “சுடும்டா. அதனாலதான் அவ்வளவு வேகமா நடக்குறான்.”

அது ஸ்பூன். சொந்தப் பெயர் ராய்ஸ் ஆடம்ஸ். யார் வீட்டுக் குழம்பானாலும் இறங்கிக் கிண்டுவான் என்பதால் ஸ்பூன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், வெர்னாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். அதே அலைவரிசையில் அவனும் இருந்தான், காஸ்கேட் துறையில் சரக்கு இறக்குகிறவர்களும் இருந்தார்கள். வெர்னாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் சத்தமாகப் படித்தாள்.

படித்தாள் என்றால், பார்த்ததைச் சொன்னாள். நீளக் கோட்டும் தொப்பியும் போட்டவன் அடுப்போடு வீடு வீடாகப் போகிறான். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பின் மூடியைத் திறந்து எதையோ உள்ளே போட்டு மூடுகிறான். என்ன போடுகிறான் என்பது தெரிவதில்லை, வெள்ளைப் புகைதான் தெரிகிறது. முப்பத்தோராம் பக்கத்தில் மஞ்சள் கதவு வைத்த ஒரு வீடு. கதவைத் திறந்த அம்மாள் தேம்பித் தேம்பி அழுகிறாள். அதற்கப்புறம் அவன் தனியாகப் போகவில்லை. பனிக்கடல் விலங்கான வால்ரஸ் ஒன்று, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு பல்லும் மார்புவரை தொங்க, பின்னாலேயே வருகிறது. கடைசிப் பக்கத்தில் இருவரும் ஒரு படகில் இருக்கிறார்கள். நடுவில் அடுப்பு. இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

“திருடன்” என்றாள் வெர்னா. “வீடு வீடாப் போய் நகையைச் சுருட்டி அடுப்புக்குள்ள போடுறான். வால்ரஸ் மாறுவேஷத்துல இருக்குற போலீஸ். கடைசியில போலீசும் கூட்டுச் சேர்ந்துடுச்சு. அதான் சிரிப்பு.”

“உனக்குக் குடும்பம் நடத்தத் தெரிஞ்சா இப்படிப் பேசமாட்டே” என்றான் ஸ்பூன். “அந்த அம்மா அவன் பொண்டாட்டி. ஊர் ஊராச் சுத்திட்டு இருபது வருஷம் கழிச்சு வந்திருக்கான். அவ அழுது தீர்த்துட்டு, ‘நீ போறதுன்னா போ, எங்கம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போ’ன்னு அனுப்பிட்டா. வால்ரஸ் மாமியார்.”

“மாமியாருக்குப் பல்லு அப்படியா இருக்கும்?”

“என் மாமியாரைப் பார்த்ததில்லையா நீ?”

கில்பர்ட் இரண்டு பக்கமும் சேரவில்லை. “அடுப்புதான் அக்கா கதாநாயகன். மத்தவங்க எல்லாம் அதுக்குத் துணைக்குப் போறாங்க” என்றான். அதற்கு மேல் அவனிடம் விளக்கம் இல்லை. ஆனால் நிலையிலிருந்து இறங்கவும் இல்லை.

இப்படித்தான் அது தீவில் பரவியது. வண்டி ஓட்டி வருகிறவர்கள் பலகை முன் நிற்கும்போது கண்ணாடியை இறக்கி, “காட்டு, நானும் பார்க்கிறேன்” என்பார்கள். வெர்னா பலகையை ‘மெதுவாகப் போ’ பக்கம் திருப்பிய பிறகும் போகமாட்டார்கள். ரொட்டிக் கடைப் பெண் திருடன் கட்சி. சரக்கு இறக்குகிறவர்களில் பாதிப்பேர் மாமியார் கட்சி, அவர்களில் கல்யாணமாகாத ஒருவனும் உண்டு. போதகர் மட்டும் இரண்டு முறை முழுசாகப் புரட்டிவிட்டு, “எனக்கு அந்தத் தொப்பி பிடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போனில் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துச் சொல்லிவிடுமே என்று யாரோ கேட்டார்கள். “போனைக் கிட்ட கொண்டு வந்தே, புஸ்தகத்தைக் கடல்ல போட்டுடுவேன்” என்றாள் வெர்னா. ஸ்பூன் கேட்பவனா? ஒருநாள் அவள் தேநீர் ஊற்றித் திரும்புவதற்குள் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனான். எழுத்து கையால் கோணல்மாணலாக எழுதியது. போன் வெகுநேரம் யோசித்து, ‘வெண்ணெய் கண்ணியமாக இருக்கட்டும்’ என்று சொன்னது. அதை அவன் மூன்று வாரம் வெளியே சொல்லவில்லை. சொன்னபோது வெர்னாவுக்குக் கோபம் வரவில்லை, சிரித்துச் சிரித்துக் கம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். உண்மை என்றைக்குத் தெரிந்தாலும், தோற்றவர்கள் பாறையில் இறங்கிக் கடல்நத்தை பொறுக்கி, ஓடு உடைத்து, ஊசியால் சதையை இழுத்து, ஜெயித்தவருக்கு மாவு மூடி வேகவைக்கும் ‘பை’ என்ற பலகாரம் செய்து போட வேண்டும். நூறு நத்தைக்கு ஒரு கிண்ணம் சதை தேறாது. இடுப்பு முறிந்துபோகும்.

அக்டோபர் மாதம் ஒரு புதன்கிழமை, கடல் கொஞ்சம் அடங்கியிருந்தது. துறைக்கு வெளியே ஒரு சின்னப் பாய்மரப் படகு நங்கூரம் போட்டிருப்பதாக வாக்கி-டாக்கியில் செய்தி வந்தது. பத்து மணி வாக்கில் முதுகுப் பையோடு ஒரு பெண் மேட்டில் ஏறி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது. ரோடு ரோலர் நகர்ந்துகொண்டிருந்ததால் வெர்னா ‘நில்’ பலகையைக் காட்டினாள். அந்தப் பெண் நின்றாள். அவள் கண் வெர்னாவின் கக்கத்துக்குப் போனது. அங்கே புத்தகம் இருந்தது.

அவள் போட்ட கூச்சலில் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு மாடு ஓடிவிட்டது.

“என்னம்மா, குளவி கொட்டிடுச்சா?” என்று வெர்னா பதறினாள்.

“இது... இது எப்படி இங்க? இது எங்க ஊரு புஸ்தகம்! ரெண்டாம் பாகம்! இது ரெண்டாம் பாகம்!”

“ரெண்டாம் பாகமா? அப்ப ஒண்ணு இருக்கா?” என்றாள் வெர்னா.

“மொத்தம் மூணு. எங்க வீட்டுல ஒண்ணும் மூணும்தான் இருந்துச்சு. ரெண்டு கிடைக்கவே இல்ல. எங்க தெருவுலயே யார்கிட்டயும் இல்ல. இருபத்தாறு வருஷம்!” அவள் புத்தகத்தை நோக்கிக் கை நீட்டினாள். “மூணாம் பாகத்துல திடீர்னு ஒரு வால்ரஸ் வந்து உக்காந்திருக்கும். அது யாரு, எங்கிருந்து வந்துச்சு, யாருக்கும் தெரியாது. அதுக்காக நானும் எங்க அண்ணனும் அடிச்சுக்கிட்டு எனக்கு ஒரு பல்லே போச்சு. கெஞ்சிக் கேக்குறேன், அந்தக் கதை தெரிஞ்சா சொல்லிடாதீங்க, நானே...”

“நில்லு!” என்று வெர்னா பலகையையே அவள் முகத்துக்கு நேராகக் காட்டினாள். “ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒண்ணாம் பாகமும் வேண்டாம், மூணாம் பாகமும் வேண்டாம். வாயை மூடு தாயே.”

அந்தப் பெண்ணின் பெயர் காட்ரி. வட ஐரோப்பாவில் உள்ள எஸ்தோனியா நாட்டுக்காரி. ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டு அன்று மதியமே கிளம்புவதாக இருந்தாள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை, அப்போது வா என்று வெர்னா அவளைக் கடைக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு, பலகையைப் பிடித்தபடி வெகுநேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்குத் தெரிந்துகொள்ள மனமில்லை. மூன்று மாதமாக அந்தத் திருடன் அவளோடு காலையில் வேலைக்கு வந்தான், சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். ஒரு பக்கத்தை மழை நாளில் பார்த்தால் ஒரு கதை, வெயிலில் பார்த்தால் இன்னொரு கதை. யாரோ ஒருத்தி வந்து படித்துச் சொல்லிவிட்டால் அத்தனையும் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

“கில்பர்ட், வேண்டாம்னு சொல்லிடட்டுமா?”

கில்பர்ட் சொன்னான்: “அந்தப் பொண்ணு இங்கேயும் நின்னுச்சுக்கா. ரொட்டிக் கடை எந்தப் பக்கம்னு கேட்டுட்டு, நான் சொல்றதுக்குள்ள அழுதுடுச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதுச்சு.”

வெர்னா பெருமூச்சு விட்டாள். “சரி” என்றாள்.

பன்னிரண்டுக்கு முன்பே ஸ்பூன் தண்ணீர் லாரியைப் பைன் மர நிழலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். ரோலர்காரரும், அந்த முனையிலிருந்து கில்பர்ட்டும் வந்தார்கள். துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ரொட்டிக் கடைப் பெண் கடையைப் பூட்டிவிட்டுக் காட்ரியைத் தன் காரிலேயே ஏற்றி வந்தாள்.

“மொதல்ல ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா” என்று ஸ்பூன் ஆரம்பித்தான். “அந்த வால்ரஸ்...”

“யாரும் எதுவும் கேக்கக் கூடாது” என்றாள் வெர்னா. “அவ முதல் தடவை படிக்கப் போறா. மனசுக்குள்ள படிக்கட்டும். முதல் தடவை படிக்கிறவளைத் தொந்தரவு பண்ணினா நான் சும்மா இருக்கமாட்டேன். படிச்சு முடிச்சப்புறம் நமக்குச் சொல்லட்டும்.”

காட்ரி புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்தாள். ஏழு பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார்கள். யாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

நான்காம் பக்கத்தில் அவள் மூக்கால் சிரித்தாள். ஸ்பூன் வெர்னாவைப் பார்த்தான், வெர்னா தோளைக் குலுக்கினாள். நான்காம் பக்கத்தில் ஒரு நாய் தவிர ஒன்றுமில்லை. பதினேழில் “அடப் பாவி” என்பது போல ஏதோ அவள் மொழியில் முனகினாள். இருபத்திரண்டில் வாய்விட்டுச் சிரித்து, பின்னால் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து அதே பக்கத்தை இன்னொருமுறை படித்தாள். “என்னவாம்? என்னவாம்?” என்று ரோலர்காரர் கிசுகிசுத்தார். வெர்னா அவர் தொடையில் கிள்ளினாள். முப்பத்தோராம் பக்கத்தில் காட்ரி அசையாமல் இருந்தாள். ஒரு கையை மஞ்சள் கதவின் மேல் வைத்தாள். கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது, அவள் அதைத் துடைக்கவில்லை. துறைக்காரர்களில் பெரியவன், மூட்டை தூக்கித் தூக்கி எருமை மாதிரி இருப்பவன், தலையைத் திருப்பிக்கொண்டான்.

வெர்னா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் படிக்கும்போது தன் முகமும் இப்படியா இருக்கும் என்று தோன்றியது. கதை சுருங்கிவிடுமே என்ற பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

காட்ரி புத்தகத்தை மூடினாள். “அந்த அடுப்புக்குள்ள என்ன போடுறான்?” என்று வெர்னா முந்திக்கொண்டாள். “அது அடுப்பு இல்ல” என்றாள் காட்ரி.

கூட்டம் மொத்தமும் கில்பர்ட்டைத் திரும்பிப் பார்த்தது.

“எங்க ஊர்ல குளிர்காலம் போக மாட்டேன்னு அடம் பிடிக்கும். மே மாசம் வந்தும் போகாது. ஒண்ணாம் பாகத்துல இவனுக்கு ஊர்க்காரங்க ஒரு வேலை குடுப்பாங்க. வீடு வீடாப் போய் மிச்சமிருக்குற குளிரையெல்லாம் பெட்டியில அடைச்சு, ஊரை விட்டுக் கொண்டுபோய் விட்டுட்டு வரணும்.”

“அப்ப அந்தப் புகை?” என்றாள் வெர்னா.

“புகை இல்ல. குளிர். ஐஸ் பெட்டியைத் திறந்தா வருமே, அது.”

“அதான் முதுகு சுடல!” என்று கில்பர்ட் எழுந்தே நின்றுவிட்டான். “முதல் நாளே கேட்டேனா இல்லையா?”

“அந்த அம்மா ஏன் அழுதாங்க?” ரொட்டிக் கடைப் பெண்ணுக்கு அதுதான் கவலை.

காட்ரி அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்தாள். “இவங்க வீட்டுக் குளியல் தொட்டியில வால்ரஸ் குடியிருக்கு. வீட்டுல குளிர் இருக்குற வரைக்கும்தான் அது இருக்க முடியும். குளிரைக் குடுத்தா அதுவும் கிளம்பணும். குடுக்கலைன்னா தெருவுக்கே வசந்தம் வராது. அதான் அழறாங்க. கடைசியில குடுத்துடுறாங்க. வால்ரஸுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, வழியில தடுக்கி விழுந்துடுமேன்னு தன்னோட கண்ணாடியைக் கழட்டி அதுக்கு மாட்டிவிடுறாங்க.”

வெர்னா புத்தகத்தைப் பிடுங்கினாள். முப்பத்தோராம் பக்கம்: அம்மாள் முகத்தில் கண்ணாடி. முப்பத்து மூன்று: இல்லை. வால்ரஸ் முகத்தில் அதே கண்ணாடி, அதே சிவப்பு விளிம்பு.

“மூணு மாசம்!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். “மூணு மாசமா தினம் பார்க்குறேன், என் கண்ணுல படலையே இது! அடடா, பைத்தியக்காரத்தனமா இருக்கே!” அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஆனா ஒண்ணு. அவங்க விருப்பமில்லாம எடுத்துக்கிட்டுப் போறான்ல? அப்ப அது திருட்டுதான்.”

“வசூல்டி அது” என்றான் ஸ்பூன். “திருட்டுக்கும் வசூலுக்கும் வித்தியாசம் தெரியாதா? அந்த வால்ரஸ் வீட்டுக்குள்ளேயே உக்காந்து குளியல் தொட்டியைப் பிடிச்சுக்கிட்டு, கிளம்ப மனசில்லாம கிளம்புது. நீயே சொல்லும்மா காட்ரி, இது மாமியாரா இல்லையா?”

“மாமியார்னு எழுதல” என்றாள் காட்ரி. கொஞ்சம் யோசித்தாள். “மாமியார் இல்லைன்னும் எழுதல.”

ஸ்பூன் துள்ளிக் குதித்தான். அதற்கப்புறம் யார் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவில் காட்ரி மட்டும் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்னாதான் கவனித்தாள். “என்னாச்சு பொண்ணே?”

“மூணாம் பாகத்தோட கடைசிப் பக்கம்” என்றாள். “ஒரு அம்மா வாசல்ல நிப்பாங்க. தெருக்கோடியில ஏதோ வரும், சின்னதா ஒரு புள்ளி மாதிரி. அவங்க கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பாங்க. அவ்வளவுதான், கதை முடிஞ்சுடும். அவங்க ஏன் கண்ணைச் சுருக்குறாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. வெயில்னு நினைச்சேன்.” அவள் குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. “அவங்ககிட்ட கண்ணாடி இல்ல!”

ஒன்றரை மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்து, சாலையின் இரு முனையிலும் ஆளே இல்லாததைக் கண்டு கத்தும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை.

காட்ரி அன்று கிளம்பவில்லை. காற்று சாதகமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான்கு நாள் தங்கிவிட்டாள். பந்தயத்தில் எல்லோரும் தோற்றார்கள் என்பதால், மறுநாள் மாலை கடல் வற்றிய நேரத்தில் வெர்னாவும் ஸ்பூனும் கில்பர்ட்டும் பாறைகளில் இறங்கி நத்தை பொறுக்கினார்கள். தான் தோற்கவில்லை, அந்தப் பெட்டிதான் கதாநாயகன் என்பது ருசுவாகிவிட்டது என்று கில்பர்ட் கடைசிவரை வாதாடினான், ஆனாலும் குனிந்தான். ‘பை’ செய்து காட்ரிக்குப் போட்டார்கள். அவள் இரண்டாம் தட்டு வாங்கிக்கொண்டு மூன்றாம் பாகத்தை முழுசாகச் சொன்னாள். குளிர் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு தீவில் அவர்கள் போய் இறங்குவதையும், ஊரே வரிசையில் நின்று பெட்டிக்குள் ஆளுக்கொரு விரலை விட்டுப் பார்ப்பதையும் அவள் நடித்தே காட்டினாள். ஸ்பூனுக்குப் புரையேறியது.

புறப்படும் காலையில் வெர்னா அந்தப் புத்தகத்தை ரொட்டிப் பையில் சுற்றி அவளிடம் நீட்டினாள்.

“ஏய், அது நம்ம எல்லாரோடதும்” என்றான் ஸ்பூன்.

“நாம மூணு மாசம் படிச்சாச்சு. அவ வீட்டுல ஒண்ணும் மூணும் இருக்கு. நடுவுல ஓட்டையா கிடக்குது. வாங்கிக்கோ பொண்ணே.”

“வேண்டாம் ஆன்ட்டி, உங்களுக்கு...” என்று காட்ரி தயங்கினாள். கை மட்டும் தயங்காமல் வாங்கிக்கொண்டது. அதைச் சட்டைக்குள் செருகி, மேலே மழைக்கோட்டைப் பூட்டினாள். துறையில் அலை ஏறி இறங்கியது. ரப்பர் படகு மேலே எழும்பிய நொடியில் சரியாகக் காலை வைத்து இறங்கினாள். துடுப்பு போடும்போதும் ஒரு கை நெஞ்சில் இருந்தது.

பிப்ரவரியில் அவளிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. தபால் அலுவலகத்தில் அதை முதலில் பார்த்தது ஸ்பூன். “நானே குடுத்துடுறேன்” என்று வாங்கித் தண்ணீர் லாரியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் இறக்கிய வீடெல்லாம் படித்துக் காட்டினான். வெர்னாவிடம் அது வந்து சேர்ந்தபோது தீவில் அவள் ஒருத்திதான் பாக்கி.

அப்பா அம்மாவைப் பார்க்க விமானத்தில் ஊருக்குப் போனதாகக் காட்ரி எழுதியிருந்தாள். மூன்று பாகத்தையும் வரிசையாக வைத்துப் படிக்க உட்கார்ந்தாளாம். இரண்டாம் பாகத்தில் ஒன்பதாம் பக்கம் வந்தபோது, நாற்பது வயது அண்ணன் அதைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டானாம். ‘ஒரு மணி நேரமாகத் தட்டுகிறேன். உள்ளே சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது’ என்று முடித்திருந்தாள்.